நீலப் புகை

ஞாயிறு தவறாமல் என் ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்க வரும் மச்சினன், ஸ்டார்ட் செய்ததுமே பதறினான்.

"மாமா! சைலன்சர்ல நீலப் புகை!"

"அய்யய்யோ! நீதான் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆனவனாச்சே, என்னன்னு பாரேன்."

ஆயில் அளவைக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு சொன்னான் மேதை. "பிஸ்டன் ரிங் போச்சு. இனி வண்டியைத் தொடவே கூடாது."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவனை பஸ் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் காலிங் பெல். வாசலில் பெட்டியும் ஸ்பேனர் செட்டுமாக அதே மேதை.

"ஒரு மாசம் லீவு போட்டுட்டேன் மாமா. இங்கேயே தங்கி எஞ்சினைப் பிரிச்சு மேயறேன்!"

"என் தம்பிக்குத்தான் எவ்வளவு பாசம்!" என்று உருகினாள் மனைவி.

இவனிடமிருந்து வண்டியைக் காப்பாற்ற, நேற்று இரண்டு லிட்டர் ஆயிலை அதிகமாக ஊற்றிப் புகைய வைத்தவன் நான்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?