கெட்டுப்போன ரஷ்யாக் கறி

"இன்னாம்மா பாக்கியம், இதுல புளியைக் கரைச்சு ஊத்தச் சொன்னது யாரு?"

பட்லர் ஏசுபாதத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீங்கதான அண்ணா காகிதத்தைப் படிச்சிட்டு, புளிப்பா இருக்கணும்னு சொன்னீங்க?" என்றாள் சமையல்காரி பாக்கியவதி.

"புளிச்ச பாலாடைன்னு சொன்னேன். புளின்னா சொன்னேன்?"

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் மைனிங் கேப்டன் ஹரோல்ட் துரையின் பங்களா அது. ரஷ்யாவில் டீச்சராக இருக்கும் தங்கை கடிதத்தில் எழுதி அனுப்பிய ஒரு கறியைத் துரைசானி செய்து பார்க்க ஆசைப்பட்டார். மாட்டுக்கறியை விரல் கனத்துக்கு நறுக்கி, வெண்ணெயில் வதக்கி, கடுகு விழுதும் புளித்த பாலாடையும் சேர்க்க வேண்டும். பெயர் ஸ்ட்ரோகனாஃப். பாக்கியவதியின் வாயில் அது 'துருக்கனாப்பு'.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து விருந்துக்கு வரும் பெரிய துரை அதை ரஷ்யாவிலேயே சாப்பிட்டவராம். அதற்குள் கை பழக வேண்டும் என்று திங்கட்கிழமையிலிருந்தே தினம் நாலு சேர் கறி வாங்க உத்தரவு.

துரைசானி அரை ஸ்பூன் வாயில் வைத்தார். முகம் கோணியது.

"கெட்டுப் போச்சு! எடுத்துட்டுப் போ!"

பானை லைனுக்குப் போனது.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டில் தண்ணீர் புகுந்து மூன்று வாரமாக ஷிப்ட் இல்லை. ஷிப்ட் இல்லாவிட்டால் கூலி இல்லை. சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைனில் தட்டி வீடுகளில் பாதிக்குமேல் அடுப்பு எரியவில்லை. ஆனாலும், 'பங்களாச் சோற்றில் ஒரு பருக்கை லைனுக்குப் போகக் கூடாது. தின்று ருசி கண்டால் எவனும் வேலைக்கு இறங்க மாட்டான்' என்பது கேப்டன் கட்டளை. வாரம் தவறாமல் கோயிலில் மண்டியிட்டு ஏழை எளியவருக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிப்பவரும் அவரேதான். கெட்டுப்போன பண்டத்துக்கு மட்டும் கட்டளை தளர்ந்திருந்தது. நாய்க்குப் போட்டால் என்ன, லைனுக்குப் போட்டால் என்ன!

செவ்வாய்க்கிழமை பாலாடைக்குப் பதில் தயிரை ஊற்றிக் கொதிக்கவிட்டாள் பாக்கியவதி. கறி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று திரிந்து நின்றது.

புதன்கிழமை கடுகு விழுது என்று ஏசுபாதம் தொண்டை கிழியச் சொல்லியும், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள்.

"ஏம்மா, ரஷ்யாவுல கறிவேப்பிலை முளைக்குதா?"

"அங்க முளைக்காட்டி இன்னா அண்ணா, நம்ம தோட்டத்துல முளைக்குதே."

வியாழக்கிழமை, "வெள்ளையா இருந்தா பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குது" என்று இரண்டு கை மிளகாய்த்தூள். துரைசானி ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, இருமிக்கொண்டே வாசலைக் கைகாட்டினார்.

பானை லைனுக்குப் போனது.

மிஷன் பள்ளியில் நாலாங்கிளாஸ் வரை படித்த ஏசுபாதத்துக்கு அவமானம் தாங்கவில்லை. 'இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிவிடலாம். இந்தப் பெண்பிள்ளையின் மண்டைக்குள் யார் ஏற்றுவது?' வெள்ளிக்கிழமைப் பானையும் தீய்ந்ததும் நேரே கேப்டனிடம் போய் வத்தி வைத்தான்.

கேப்டன் உறுமினார். "ஞாயிற்றுக்கிழமை என் மானம் போச்சுன்னா அன்னிக்கே அவளை அனுப்பிடு. வேற ஆள் பாரு."

ஏசுபாதம் மனசுக்குள் ஆளைப் பார்த்தும் வைத்துவிட்டான். அவன் அக்கா மகள் டெய்சி.

"உனக்கு வேலை போற மாதிரி இருக்குது பாக்கியம். புருசன் இல்லாதவ. யோசிச்சு நடந்துக்க" என்று கருணையோடு எச்சரிக்கவும் செய்தான்.

பாக்கியவதி தலையை ஆட்டினாள். சனிக்கிழமை உப்பை இரண்டு முறை போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பெரிய துரை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். ஏசுபாதம் டெய்சிக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை யோசித்தான்.

"அற்புதம்!" என்றார் பெரிய துரை. "பீட்டர்ஸ்பர்க்கில் சாப்பிட்ட அதே ருசி!"

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, தட்டை ரொட்டியால் துடைத்தும் தின்றார். கேப்டன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

ஏசுபாதம் சமையலறைக்கு ஓடினான்.

"ஒரே நாள்ல எப்படிம்மா இது கைக்கு வந்துச்சு?"

பாக்கியவதி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "திங்கக்கிழமையே வந்துடுச்சு அண்ணா. சின்னச் சட்டியில நல்லபடியா செஞ்சு ருசி பார்த்துட்டுத்தான் பானையில புளியை ஊத்தினேன்."

"இன்னாது?"

"கெட்டுப் போனாத்தான லைனுக்குப் போகும்? நீங்களே சொல்லுங்க. புளி ஊத்தினாலும் காரம் போட்டாலும் அது நம்ம ஜனங்களுக்குக் குழம்புதான?"

ஏசுபாதம் ஆடிப்போனான். துரைசானியை ஏமாற்றுவதா? உப்பிட்ட வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட துரோகம்! அவன் விசுவாசம் அவனைச் சும்மா நிற்கவிடவில்லை. சாப்பாட்டு அறைக்கு விரைந்தான். துரைகள் இருவரும் வராந்தாவில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துரைசானி மட்டும் தனியாக இருந்தார்.

ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

துரைசானி வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"ஒரு வாரமா நடக்குது. உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா, பட்லர்?"

ஏசுபாதம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நாளையிலிருந்து பிரெஞ்சுக்காரங்க கறி ஒண்ணு பழகப் போறோம். ஆறு சேர் வாங்கிடு" என்றார் துரைசானி. "அப்புறம், பாக்கியவதிகிட்ட சொல்லு. ஷாப்ட் திறக்க இன்னும் பத்து நாளாகுமாம். அதுவரைக்கும் அந்தக் கறி சரியா வரக் கூடாது."