முதல் நேரலை

"முடியுற வரைக்கும் சத்தம் போடாம சமையலறையில உட்காருங்க" என்று கணவனை அனுப்பிவிட்டு அவள் கேமரா முன் அமர்ந்தாள். குடல்நல ஆலோசகராவதற்காக ஆய்வக வேலையை விட்டவளுக்கு இதுதான் முதல் நேரலை. இதுவும் எடுபடாவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"சாப்பாட்டை மாத்தியே என் வயித்துவலியைச் சரிபண்ணினேன். அடுத்து என் வீட்டுக்காரர். இப்ப கல்லைத் தின்னாலும் அவருக்குச் செரிக்கும்!"

'அப்பாவி' என்ற பெயரில் முதல் கேள்வி திரையில் வந்து விழுந்தது. "மேடம், எங்க வீட்டம்மா தினமும் வெறும் வயித்துல ஒரு சொம்பு புளிச்ச பீட்ரூட் தண்ணி குடுக்குறாங்க. நாள் முழுக்க வயிறு கடமுடாங்குது."

"ஒரு சொம்பா? ஒரு ஸ்பூன்லதான் சார் ஆரம்பிக்கணும்! வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?"

"ஆசையா குடுக்குறாங்க. மனசு வரலை."

"இது ஆசையில்ல சார், அராஜகம்! தைரியமா சிங்க்ல கொட்டுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க!"

திரை முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். 'எனக்கும் ஆலோசனை வேணும்' என்று வரிசையாகச் செய்திகள் வந்து குவிந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரொம்ப நன்றி மேடம். இப்பவே கொட்டிடுறேன்" என்றார் அப்பாவி.

அடுத்த நொடி சமையலறை சிங்க்கில், குபுக் குபுக்கென்று, ஒரு ஜாடி கவிழும் சத்தம் கேட்டது.