கூடையோடு போன பூனை

"பூனையைக் காணோம்!"

என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அவருக்குத் தொழில் வாட்ச் ரிப்பேர். ஆனால் தெருவில் எது தொலைந்தாலும் துப்பறிவது அவர்தான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். ஜன்னலோர மூலையைக்கூட விடவில்லை. நான் தரையில் உட்கார்ந்து தலையணை உறையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தேன்.

"பால் கிண்ணம் இல்லை, படுக்கிற கூடையும் இல்லை. ஆனா பூட்டு உடையலை. பழகின ஆளுதான்!"

"யாரு?"

"எதிர்வீட்டுக்காரன்! நேத்துகூட அதைக் கொஞ்சினான். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

"பாவம், அவரை விடுங்க. நான்தான் எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பினேன்."

"நீயா? யாரைக் கேட்டு அனுப்பினே? இந்த வீட்ல எனக்குத் தெரியாம ஒரு துரும்பு அசையுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன்.

"பூனை போனதை ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்க. இப்ப தவழ்ந்தீங்களே, அந்த ஜன்னலோர மூலையில என் தையல் மெஷின் இருந்தது. அது போய்ப் பத்து நாள் ஆச்சு. என் துணி அலமாரி காலியாகி ஒரு வாரம் ஆச்சு."

அவர் லென்ஸைக் கழற்றினார். அலமாரியைத் திறந்து பார்த்தார்.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

"அடுத்து யாரைக் காணோம்னு சாவகாசமாக் கண்டுபிடிங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.