இன்றைக்கும் ஸ்டார்ட் ஆகிவிட்டது

“இன்னைக்கும் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

போனில் டீச்சரின் குரல் துக்கம் சொல்வதுபோல் இருந்தது. கார் எலெக்ட்ரீஷியன் போனைக் காதோடு இன்னும் ஒட்டி வைத்துக்கொண்டான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று திட்டுகிறவர்களை அவன் பதினோரு வருடமாகப் பார்க்கிறான். ஸ்டார்ட் ஆகிறதே என்று வருத்தப்படுகிற ஆள், அதுவும் தினம் காலை ஆறு மணிக்குப் போன் போட்டு வருத்தப்படுகிற ஆள், இந்தக் கணக்கு டீச்சர் ஒருவர்தான்.

“நல்லதுதானே டீச்சர்,” என்றான்.

வண்டியில் அவன் மாட்டிக்கொடுத்த ரிமோட் பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லையே, கதவைத் திறந்த பிறகும் தவறிப்போய் ஸ்டார்ட் ஆகிவிடாதே என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆகவே ஆகாது என்று அவனும் வழக்கம்போல் சொன்னான். டீச்சர் “ம்” என்று போனை வைத்துவிட்டார்.

எல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. டீச்சரிடம் இருப்பது பழைய கியர் வண்டி. சாவி இல்லாமல் ரிமோட்டிலேயே கதவு திறக்க வேண்டும், அதுபோதும் என்றுதான் கடைக்கு வந்தார். அதற்காக மாட்டுகிற பெட்டியில் ரிமோட் ஸ்டார்ட்டும் கூடவே இருந்தது. அது வேண்டாம் என்று அவனே சொன்னான். வீட்டுக்குள் நின்றுகொண்டு பட்டனை அழுத்திக் கியர் வண்டியை ஸ்டார்ட் செய்வது விளையாட்டில்லை. மறந்துபோய்க் கியரில் விட்டிருந்தால், ஆளில்லாமலே முன்னால் பாயும். எதிரே சுவர் இருந்தாலும் ஒன்றுதான், பேப்பர் போடுகிறவர் இருந்தாலும் ஒன்றுதான்.

அதற்காகவே அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் வைத்திருந்தார்கள். இறங்கும்போது நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கதவைச் சாத்தி ரிமோட்டில் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு யாராவது எந்தக் கதவையாவது ஒரு விரற்கடை திறந்தாலும் போச்சு. உள்ளே புகுந்தவர் கியரைத் தட்டியிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு, ரிமோட்டுக்கு ஸ்டார்ட் ஆகவே ஆகாது. இந்த இழவையெல்லாம் கேட்டதும் வாடிக்கையாளர்கள் பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவார்கள்.

டீச்சர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின் கதவைத் திறந்தாலுமா என்று கேட்டார். உடைக்காமல், முறையாக ரிமோட்டால் திறந்தாலுமா என்று கேட்டார். ஆமாம் என்றதும், “அப்ப அதையும் போட்டுடுங்க,” என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் ஜன்னலில் நின்று பட்டனை அழுத்துவதும், அவனுக்குப் போன் போடுவதுமாக இருந்தார். அவனுக்குச் சந்தேகம் வந்தது. தனியாக இருக்கிற பெண். ராத்திரி தன் வண்டியை யாராவது திறந்தார்களா என்று தினம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்ன அர்த்தம்? எவனோ அந்தம்மாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நமக்குத் தெரிந்தும் சும்மா இருந்த பாவம்தான் மிஞ்சும் என்று அவன் மனைவி வேறு கிளப்பிவிட்டாள்.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேவிட்டான்.

“ஒருத்தன் வந்தாலும் வருவான்,” என்றார் டீச்சர்.

போலீஸில் சொல்லிவைக்கலாமே என்றதற்கு, அந்தப் பேச்சே எடுக்காதீர்கள் என்று வகுப்பில் அதட்டுவதுபோல் அதட்டினார். அன்றிலிருந்து ஆறு மணிப் போன் வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே சீராக வந்தது.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாளும் மழை விடவில்லை; அன்று ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறே காலுக்கு வந்தது.

“ஸ்டார்ட் ஆகல,” என்றார் டீச்சர். “நாலு தரம் அழுத்திப் பாத்துட்டேன்.”

வண்டி பக்கமே போக வேண்டாம், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக பைக்கில் பறந்தான்.

டீச்சர் குடைகூட இல்லாமல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தெருவில் வேறு ஆள் இல்லை. கண்ணாடி உடையவில்லை, பூட்டும் நெம்பப்படவில்லை.

“வயர் ஏதாவது லூஸா இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாதுல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் பேட்டரியைப் பார்த்தான், ஃப்யூஸைப் பார்த்தான், ஹேண்ட்பிரேக் வயரையும் இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. பின் சீட்டில் கை வைத்தபோது ஈரம் ஒட்டியது. சீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஈரம்.

“பெட்டி சரியாத்தான் இருக்கு டீச்சர். கதவைத் திறந்திருக்காங்க. ராத்திரி யாரோ இதுக்குள்ள படுத்திருக்காங்க.”

டீச்சர் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நனைந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கவே அவனுக்குப் பாவமாக இருந்தது. பயப்படாதீர்கள் என்றான். பூட்டை உடைக்காமல் திறந்திருப்பதால், கொடுத்த இரண்டு ரிமோட்டில் ஒன்று அந்த ஆள் கையில் சிக்கியிருக்கிறது, ஐந்தே நிமிடத்தில் அதைச் செல்லாமல் ஆக்கிவிடுகிறேன், இனி அவன் அப்பனே வந்தாலும் திறக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டான்.

டீச்சர் பதறி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதை என் தம்பிக்கு நான்தான் கொடுத்தனுப்பினேன். கோபத்துல, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு அவனைத் துரத்திட்டேன்... காரு தெருவுலதானே நிக்குது.”