காற்று பிரியும் வரை

இல்லை என்று தலையசைத்தாள் ஸ்டெல்லாமேரி.

ஆபரேஷன் முடிந்து எட்டாவது நாள். புதன்கிழமை. டாக்டர் காலையில் வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். காற்று பிரிந்ததா?

பெருங்குடலில் கட்டி. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் நன்றாகத்தான் இருந்தது. குடல்தான் அசையவில்லை. நான்காம் நாள் பச்சையாக வாந்தியெடுத்தாள். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அதை எடுத்தார்கள். வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எல்லாம் சலைன்தான்.

"குடல் இன்னும் முழிச்சுக்கல. நடங்கம்மா, நடந்தாத்தான் சரியாவும்" என்றார் டாக்டர்.

கட்டிலின் கால்மாட்டில் அலெக்சாண்டர் நின்றிருந்தான். அவளுடைய கணவன். பதினோரு வருடமாக அரியாங்குப்பத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான்.

மகள் ஜூலி பெங்களூரில் இருக்கிறாள். நிறைமாதம், வர முடியாது. அவள்தான் அப்பாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அலெக்சாண்டர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இது கோடை விடுமுறை. மறுக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

முதல் நாளே சொல்லிவிட்டான். "காத்து பிரியற வரைக்கும் வர்றேன். அப்புறம் நீயே பாத்துக்குவ."

அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடாமலே பேசிக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் இரண்டு முறை, மத்தியானத்துக்கு முன் ஒரு முறை, வார்டுக்கு வெளியே நடந்தார்கள். கோடியில் இருக்கும் ஜன்னல்வரை போய்த் திரும்ப வேண்டும்.

உப்பளம் பகுதியில் ஒன்றாகக் குடித்தனம் செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அவன் பத்தடி முன்னால்தான் போவான். இங்கே அது முடியாது. சலைன் பாட்டிலை அவன் தூக்கிப் பிடித்திருந்தான். ஊசி அவள் கையில் இருந்தது. நடுவில் இருந்த குழாய் அவ்வளவுதான் நீளும்.

ஜன்னலருகே திரும்பும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான்.

வேளைக்கு ஒரு சூயிங்கம் மெல்லச் சொல்லியிருந்தார்கள். வாய் மென்றால் சாப்பாடு வருகிறதென்று குடல் நம்பிக்கொள்ளுமாம். அதை வாங்கிவந்து, காகிதத்தைப் பிரித்து, அவள் உள்ளங்கையில் வைப்பதும் அவன்தான்.

நடுவில் அவனுக்குப் போன் வரும். பாட்டிலை விட்டு நகர முடியாததால் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, "வந்துடறேன், வந்துடறேன்" என்பான்.

மத்தியானம் அவன் கிளம்பிப் போனால், மறுநாள் காலைவரை அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டாம் நம்பர் பெட், அவ்வளவுதான்.

இன்றைக்கும் அவள் தலையசைத்ததும் டாக்டர் குனிந்து வயிற்றை அழுத்தினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார்.

"குடல் சத்தம் லேசா வருதே. குமட்டுதா?"

"குமட்டுது சார்."

அவர் ஒரு கணம் யோசித்தார். வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து என்று சொல்லிவிட்டு, மறுபடி குழாய் போடும்படி நர்ஸ் கவிநிலாவிடம் சொல்லிப் போனார்.

போன முறை அந்தக் குழாய் தொண்டையில் இறங்கியபோது செத்துவிடுவோம் என்றே ஸ்டெல்லாமேரி நினைத்தாள். கவிநிலாவின் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு அவளாகவே முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

அலெக்சாண்டரால் பார்க்க முடியவில்லை. வெளியே போய்விட்டான்.

"முழுங்குங்க. முழுங்குங்கம்மா. இன்னும் கொஞ்சம்."

விழுங்கினாள். கண்ணீர் காதுவரை வழிந்தது. கவிநிலா குழாயை மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, மறுமுனையைப் பையில் மாட்டினாள்.

அலெக்சாண்டர் திரும்பி வந்தான். ஸ்டூல் காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"நாளையிலேருந்து ஒரு அம்மா வருவாங்க. தொணைக்கு ஆள் பேசிட்டேன். ஜூலிகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"இப்டியே எத்தினி நாளைக்கு வர்றது, நீயே சொல்லு."

"சரி" என்றாள். குழாய் உரசியதில் குரல் கரகரத்தது.

மிச்சமிருந்த சூயிங்கம் பாக்கெட்டைத் தலைமாட்டு மேஜையில் வைத்தான். பிறகு போய்விட்டான். வெளியே அவன் செருப்புச் சத்தம் கேட்டது. யாருக்காகவும் நிற்க வேண்டியில்லாத வேகத்தில் அது தேய்ந்து மறைந்தது.

கவிநிலா பையைத் தூக்கிப் பார்த்தாள். போன முறை கால் மணி நேரத்தில் பாதி நிரம்பிய பை. இப்போது அடியில் கொஞ்சம் எச்சில் நுரை மட்டும் இருந்தது.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது.

பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காத்து எப்பம்மா பிரிஞ்சுது?"

ஸ்டெல்லாமேரி வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"திங்கக்கெழம."

கவிநிலா வயிற்றின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"இத கழட்டிடும்மா" என்றாள் ஸ்டெல்லாமேரி. "பசிக்குது."