பிரெனாவின் நாற்பத்திரண்டு பேர்

"நாளைக்கு அந்த ஊரையே கொளுத்திருவானுவ. நாப்பத்திரண்டு பேரு. ஒருத்தரும் பொழைக்க மாட்டாவ."

மகனின் கூட்டாளி காளிராஜ் இதைச் சொன்னதும், ஜஸ்டஸின் முகத்தை மறைத்திருந்த பேப்பர் சட்டென்று இறங்கியது. "ஏலே, எந்த ஊர?"

"பிரெனா, மாமா. ஒங்க மவன் கேம்ல வார ஊரு," என்று டிவியைக் காட்டினான் காளிராஜ். பேப்பர் மறுபடியும் மேலே ஏறிக்கொண்டது.

ஜஸ்டஸ், சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மகன் கிறிஸ்வின், கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். நாலு மாதமாகச் சாயங்காலம் ஆனால் ஹால் டிவி மகனுக்கு, பேப்பர் அப்பாவுக்கு என்று ஆகிவிட்டது. அதில் அவருக்கு இருந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கிறிஸ்வினின் முகம் தொங்கிப்போயிருந்தது. "அந்தக் கோழிக்காரியுமால?"

"அவளுந்தான். நான் போன மாசமே முடிச்சிட்டேம்லா. நீ சண்டைக்குப் போயிட்டுத் திரும்புததுக்குள்ள எல்லாம் சாம்பலு. என்ன பண்ணினாலும் தடுக்க முடியாது. சோகமா முடிஞ்சாத்தாம்ல கேமு மனசுல நிக்கும்."

மனசில் நிற்காமல் என்ன? பிரெனாவில் யாரைக் கூப்பிட்டாலும் நம்முடைய குதிரை வண்டியில் ஏறிக்கொண்டு வந்துவிடுவார்கள். கோழிக்காரியைச் சந்தைக்குக் கூட்டிப்போனால், கோழியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக மருமகளைத் திட்டித் தீர்ப்பாள். அவளை விட்டுப் பிரிய மனசு வராமல்தான் கிறிஸ்வின் இரண்டு வாரமாகக் கடைசிச் சண்டையைத் தள்ளிப்போட்டு, நாளைக்கு என்று வைத்திருந்தான்.

"மலைக்கு அங்குட்டு அடுத்த ஊரு எத்தன கிலோமீட்டரு?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எப்பா, அது கேமுப்பா! ரிட்டையர் ஆயும் ஒங்களுக்குக் கிலோமீட்டர் கணக்குப் போவலியே!" பையன்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வெளங்காத வெளையாட்டு," என்று முணுமுணுத்துவிட்டு ஜஸ்டஸ் பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் சாயங்காலம் காளிராஜ் மூன்று பிரியாணிப் பொட்டலங்களோடு வந்துவிட்டான். "எழவு முடிஞ்சதும் திங்கலாம்ல," என்று அவற்றை டீப்பாயில் வைத்தான். பள்ளிக்கூடத்துச் சட்டையைக்கூட மாற்றாமல் கிறிஸ்வின் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான்.

நேற்று நிறுத்திவிட்டுப் போன அதே மலையடிவாரத்தில் வீரன் நின்றிருந்தான். பக்கத்தில் அவன் குதிரை, வாயில் நுரை தள்ளி, கால் நடுங்க நின்றது.

கிறிஸ்வின் சிலிர்த்துப்போனான். "பாத்தியால! நேத்து ஓட்டின களைப்பு குதிரைக்கு இன்னும் தீரல. நாம டிவிய அமத்திட்டுப் போனாலும் இந்த உலகம் அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கு. இதுக்குப் பேருதாம்ல டிசைனு!"

"எனக்கு இதெல்லாம் கண்ணுலயே படலியே மக்கா," என்று காளிராஜ் வாயைப் பிளந்தான். பேப்பர் அசையவில்லை.

சண்டை முக்கால் மணி நேரம் ஆனது. கிறிஸ்வின் ஜெயித்தான், அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் மலைக்கணவாயைத் தாண்டியதும் தூரத்தில் புகை தெரிந்தது.

"ஆண்டவரே," என்றான் கிறிஸ்வின். குதிரையை அடித்து விரட்டினான்.

பிரெனா கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. முதல் வீட்டுக்குள் ஓடினான், யாரும் இல்லை. அடுத்த வீட்டில் தொட்டில் காலி. கோழிக்காரியின் வீட்டில் அவளும் இல்லை, கோழிக்கூடையும் இல்லை. ஊர் முழுக்கச் சுற்றிவிட்டான், ஒரு பிணம்கூடக் கிடையாது.

காளிராஜ் எழுந்தே நின்றுவிட்டான். "ஏலே, எனக்கு வீட்டுக்கு வீடு பொணமால்லா கெடந்துச்சு! நீ என்னத்தல பண்ணின?"

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலல."

"அப்ப இது ரகசிய முடிவுல! ஒலகத்துலயே ஒனக்குத்தான் மொதல்ல வந்திருக்கு. இப்பவே வீடியோ எடுத்துப் போடுவோம். ஒரே நாள்ல நீ பெரிய ஆளு!" காளிராஜ் போனைத் தேடிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தான்.

கிறிஸ்வினுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எரிகிற வீடுகளுக்கு நடுவில் வீரனைத் தனியாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கண் கலங்கிவிட்டது.

"அவிய எல்லாரும் எங்கல போனாவ? செத்தாவளா இருக்காவளான்னுகூடத் தெரியலியே. பொணம் கெடந்திருந்தா அழுதுட்டாவது போயிருப்பேன். இப்படியுமா ஒருத்தன் கல்நெஞ்சா கதைய முடிப்பான்?" என்று புலம்பினான்.

பேப்பர் நாலாக மடிந்தது. ஜஸ்டஸ் டீப்பாயிலிருந்த பொட்டலத்தில் ஒன்றை இழுத்துப் பிரித்தார்.

"எரிஞ்ச வீட்டுக்குள்ள என்னத்தல தேடுத? நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதுமே, ஏழேழு பேரா ஆறு ட்ரிப்பு அடிச்சு, எல்லாரையும் மலைக்கு அங்குட்டு அடுத்த ஊர்ல எறக்கி விட்டுட்டேன்... கோழிக்கு டிக்கெட் போடல."