செயின் கவர் போல்ட்டின் பயம்

ஒரு பழைய பைக்கில் செயின் கவரைப் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்டம்மாவுக்கு ஒரே கவலை. தான் கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி மொத்தமும் பிரிந்து விழுந்துவிடும் என்று பயந்தே துருவோடு துருவாக இறுகிப்போயிருந்தாள்.

சர்வீஸுக்கு வந்த இடத்தில் மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். பிறகு ஸ்பேனரை மாட்டித் திருகினார். ஸ்பேனர்தான் வழுக்கியது.

"அக்கா, கொஞ்சம் இளகிக் குடுங்க. என் தோள்பட்டையே கழண்டுடும் போல" என்றது ஸ்பேனர்.

"நான் விட்டுட்டா சக்கரத்தை யார் பார்த்துக்குவா? நீயா?"

மெக்கானிக் அலுத்துப்போய் உளியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி ஸ்பேனரை மாட்டினார்.

"ஐயோ அக்கா, உங்க தலையை வெட்டி எடுக்கப் போறார்!" என்று ஸ்பேனர் பதறியது. "கடைசியா ஒரு தடவை திருகுறார், விட்டுடுங்க!"

போல்ட்டம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடியை விட்டாள். கிரீச்சென்று கழன்று தட்டில் விழுந்தவள், வண்டி சரியும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், வண்டி ஸ்டாண்டில் ஜம்மென்று நின்றது. மெக்கானிக் சுற்றிவிட்ட சக்கரமும் சுகமாகச் சுற்றியது.

"பார்த்தீங்களா அக்கா, ஒண்ணும் ஆகலை."

போல்ட்டம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொறு தம்பி. இனிமேதான் விழும்."